சரி, கூட்டிட்டு வாம்மா: ஒரு மீன் கம்பெனியில் நாய்களுக்கு அனுமதி கொடுத்த நிகழ்வு

இடம்: ராமநாதபுரம் கடற்கரை, மண்டபம் பக்கம். காலம்: 2025 ஜூன் முதல் டிசம்பர் வரை. நண்டும் இறாலும் வாங்கித் தரம் பிரித்து, ஐஸ் போட்டு வெளியூர் ஆலைகளுக்கு ஏற்றிவிடுகிற கம்பெனி. பெயர் வேண்டாம். நான் அங்கே கணக்கோடு சேர்த்து ஆட்கள் விவகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் இதில் சொல்லப்போகும் தவறுகளில் பாதி என்னுடையவை.

மொத்தம் 34 பேர். முன்பக்கம் ஏசி போட்ட சின்ன ஆபீஸ், அதில் 6 பேர். பின்னால் தகரக் கொட்டகை, அங்கே தரம் பிரிக்கும் பெண்கள் 18 பேர். லோடுமேன் 5, டிரைவர் 3, இரவுக் காவலுக்கு ஒருவர், கூட்டிப் பெருக்க ஓர் அக்கா. ஆபீசுக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு முற்றம், அதில் ஒரு வேப்பமரம். இந்த முற்றத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் அங்கேதான் நடந்தது.

அனுமதி

விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். அது முடிந்து படகுகள் இறங்கிய வாரத்தில் யாருக்கும் சாப்பிட நேரமிருக்காது. அந்த வாரத்தில்தான் பில் போடும் பெண் முதலாளி முன்னால் வந்து நின்றாள். அவளுடைய அம்மாவுக்கு மதுரையில் ஆபரேஷன், அப்பாவும் அங்கேயே துணைக்குப் போய்விட்டார். உச்சிப்புளியில் வாடகை வீடு. வீட்டில் இருக்கும் பொமரேனியன் கலப்பு நாய் ஜூலி, ஆள் இல்லாத வீட்டில் பகல் முழுக்க ஊளையிடுகிறது. வீட்டுக்காரர், நாயை அனுப்புகிறாயா, நீயே கிளம்புகிறாயா என்று கேட்டுவிட்டார். பத்து நாள் லீவு வேண்டும், இல்லாவிட்டால் நாயை வேலைக்குக் கூட்டிவர விட வேண்டும் என்றாள்.

முதலாளி ஒரு காதில் போன் வைத்திருந்தார். மறுமுனையில் நண்டு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "சரி, கூட்டிட்டு வாம்மா. அதுக்கென்ன" என்றார்.

அவ்வளவுதான் அனுமதி. எத்தனை நாளைக்கு, ஆபீசுக்குள் எதுவரைக்கும், ஊசி போட்டிருக்கிறதா, மற்றவர்களுக்குச் சம்மதமா, எதுவும் பேசவில்லை. நான் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன். பில் போட ஆள் நிற்கிறதே என்ற நிம்மதியில் நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஜூலி வந்து இறங்கியது.

ஒன்று மூன்றானது

முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் போயிற்று, அதை மறைக்க வேண்டியதில்லை. ஜூலி மேஜைக்கு அடியில் படுத்துக்கிடக்கும். கணக்கு ஒத்துவராமல் கத்திக்கொண்டிருக்கிற ஏஜெண்டுகள்கூட அதைப் பார்த்ததும் குரலைக் குறைத்தார்கள். பில் போடும் பெண் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

வெளிநாட்டில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்து ஆட்கள், வட கரோலினாவில் பீங்கான் தட்டும் கரண்டியும் விற்கிற ஒரு கம்பெனியில் செய்த ஆய்வு 2012-ல் வெளியானது. நாயோடு வேலைக்கு வந்தவர்கள் அன்றைய வேலை நேரம் போகப்போக மன அழுத்தம் குறைந்ததாகச் சொன்னார்கள். அதே ஆட்கள் நாயை வீட்டில் விட்டுவிட்டு வந்த நாளில் அது ஏறியது. பீங்கான் கடையிலேயே நாயை விட்டிருக்கிறார்கள், நமக்கென்ன என்று தோன்றும். நாயை வேலைக்குக் கூட்டிவரும் நாள் என்று 1999-லிருந்து அங்கே ஒரு நாளே உண்டு. அமேசான் தொடங்கிய காலத்தில் ரூஃபஸ் என்ற கோர்கி நாய் தினமும் ஆபீசுக்கு வந்ததை அந்தக் கம்பெனி இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் அந்த ஆபீஸ்களுக்குப் பின்னால் நண்டுக் கொட்டகை இருக்காது. பிரச்சினை வந்தபோது ஜூலி எங்களுக்கு அழுத்தத்தைக் குறைத்ததா என்று யாரும் கேட்கவில்லை. வேறு கேள்விகள்தான் வந்தன.

முதல் கேள்வி காவல்கார அண்ணனிடமிருந்து வந்தது. அவரிடம் டைகர் என்று ஒரு நாட்டு நாய். மூன்று வருடமாக இரவில் அவரோடு காவல் இருந்துவிட்டு, காலை 7 மணிக்கு அவர் சைக்கிள் பின்னாலேயே ஓடிப்போகும். ஜூலை முதல் வாரம் அவர் டைகரை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுப் போனார். கேட்டதற்கு, "அந்தப் புள்ளையோட நாய் ஏசியில படுக்கலாம், என் நாய் மரத்தடியில கெடக்கக் கூடாதா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மாத முடிவில் ஒரு லோடுமேன் தம்பி, புலி என்று ஐந்து மாதக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொட்டகைத் தூணில் கட்டினான். அனுமதி ஒரு ஆளுக்குக் கொடுத்ததாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் அதைக் கம்பெனிச் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதில் தப்பில்லை.

காக்கா ஏன் லேட்டாக வந்தார்

எங்கள் சீனியர் கணக்கர் கீழக்கரைக்காரர், மண்டபத்தில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். எல்லாருக்கும் அவர் காக்கா, இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மதியத் தொழுகையான லுஹரும் சாயங்காலத் தொழுகையான அஸரும் ஆபீசின் பின் அறையில் முசல்லா என்ற தொழுகை விரிப்பைப் போட்டுத் தொழுதுவிட்டு, பத்து நிமிடத்தில் மேஜைக்கு வந்துவிடுவார். ஜூலை கடைசியில் மதியம் அரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம் ஆள் காணாமல் போக ஆரம்பித்தார். நான் பதிவேட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். ஒரு நாள் கொஞ்சம் வெடுக்கென்று கேட்டும்விட்டேன்.

"பள்ளிவாசலுக்குப் போயிட்டு வர்றேன் தம்பி" என்றார். இங்கேயே தொழலாமே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பின் அறைக் கதவு சரியாகச் சாத்தாது. ஜூலி போய் முசல்லாமேல் படுத்திருக்கிறது. இன்னொரு நாள் அவர் கைலியை நக்கியிருக்கிறது.

"நாய் மேல எனக்குக் கோவம் இல்ல. என் அண்ணனே தோப்புக் காவலுக்கு நாய் வச்சிருக்கார். ஈரத்தோட பட்டுட்டா ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை மண்ணு கலந்து. வேலை நேரத்துல நான் எங்க போய்க் கழுவுறது?"

நம் கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் என்ற மார்க்கச் சட்ட மரபைப் பின்பற்றுகிறவர்கள். அதில் காவலுக்கும் வேட்டைக்கும் நாய் வைத்துக்கொள்ளத் தடையில்லை, நாயின் ஈரம் பட்டால் கழுவுகிற முறைதான் கண்டிப்பு. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, இந்த ஊரில்தான் வளர்ந்தேன். ஆனாலும் ஜூலி வந்த அன்று என் மூளையில் இது எட்டவே இல்லை. ஒரு மாதம் அந்த மனிதர் வெயிலில் நடந்து போய் வந்திருக்கிறார், நான் அவருக்கு லேட் போட்டிருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "அந்தப் புள்ள அம்மா ஆஸ்பத்திரில கெடக்குறா. இப்பப் போய் நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

அப்புறம் விசாரித்துப் பார்த்ததில், தரம் பிரிக்கும் பெண் ஒருத்தி டைகருக்குப் பயந்து முற்றத்தைத் தாண்டாமல், கழிவுநீர் ஓடுகிற பின் சந்து வழியாகத் தினமும் சுற்றி வந்துகொண்டிருந்தது தெரிந்தது. சின்ன வயதில் நாய் கடித்தவள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

பேத்தை

ஆகஸ்டில் புலி செத்துப் பிழைத்தது. வலையில் நண்டோடு சேர்ந்து பேத்தை மீனும் வரும். தொட்டால் பந்து மாதிரி உப்புமே, அதுதான். அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் இருக்கிற விஷம் நரம்பை முடக்கிவிடும், முறிமருந்து கிடையாது, வேகவைத்தாலும் போகாது. கடற்கரையில் வளர்ந்த நாய்கள் பல அதை மோந்துபார்த்து விலகிவிடும். இது குட்டி. கழிவுக் கூடையில் கிடந்ததைத் தின்றுவிட்டது. அரை மணி நேரத்தில் பின்னங்கால் இரண்டும் பரப்பிக்கொண்டு, வாயில் நுரையோடு தூணடியில் கிடந்தது. லோடு ஏற்ற வேண்டிய வண்டியில் அதைப் போட்டுக்கொண்டு லோடுமேன் தம்பி ராமநாதபுரம் போய்விட்டான். போகிற வழியிலேயே வாந்தி எடுத்ததால் பிழைத்தது என்று டாக்டர் சொன்னாராம். அன்றைக்கு நண்டு இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது, வாங்குகிறவர் விலையைக் குறைத்தார். முதலாளி முதல்முறையாக முகம் சுளித்தது அன்றுதான்.

வெயிலையும் சொல்ல வேண்டும். நாய்க்கு உடம்பு வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கடல்காற்றின் ஈரப்பதத்தில் அதுவும் பாதிதான் வேலை செய்யும். தகரக் கொட்டகைத் தூணில் மதியம் கட்டிப்போடுவது அந்தக் குட்டிக்கு நல்லது செய்ததாக எந்தக் கணக்கிலும் வராது.

கை

செப்டம்பர் நடுவில் ஒரு காலை. டைகர் எங்கிருந்தோ ஒரு மீன் தலையைக் கவ்விக்கொண்டு வராந்தாவில் தண்ணீர் டிரம் வைத்திருக்கும் மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டது. கூட்டுகிற அக்கா விளக்குமாற்றை உள்ளே விட்டிருக்கிறார். உறுமியிருக்கிறது. மூன்று வருடமாகப் பார்க்கிற நாய்தானே என்று கையை விட்டு மீன் தலையை இழுத்திருக்கிறார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு பல் இறங்கிவிட்டது.

அக்கா யாரிடமும் சொல்லவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி, சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு மிச்ச இடத்தையும் கூட்டி முடித்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்குத் தெரிந்தது மறுநாள், அதுவும் பின் சந்து வழியாக வருகிற அந்தப் பெண் வந்து சொன்னதால். நான் கேட்டபோது அக்கா சொன்னது: "சொன்னா காவக்கார அண்ணனுக்கு வேலை போயிரும். இவளுக்கு வாய் நீளம்னு எனக்கும் பேரு வரும். ரெண்டு பல்லுதானப்பா."

கட்டை அவிழ்த்துக் குழாயில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொன்னேன். "நேத்துக் கடிச்சதுக்கு இன்னிக்குக் கழுவுறதா" என்று சிரித்தார். தாமதமானாலும் கழுவத்தான் வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, எண்ணெய் எதுவும் காயத்தில் வைக்கக் கூடாது. வெறிநோய் அறிகுறி ஒருமுறை வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை என்பதால் இதில் 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சே கிடையாது.

அரசு மருத்துவமனையில், ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி ஒரு ஊசி, கையில் தடுப்பூசி. அப்புறம் 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் வர வேண்டும். ஊசிக்குக் காசில்லை. டாக்டர் கேட்டது, "நாய்க்கு ஊசி போட்டிருக்கா? சீட்டு எங்க?" காவல்கார அண்ணன் தலையைச் சொறிந்தார். போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ போட்டதாக ஞாபகம். சீட்டு இல்லை. நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்கள், அதற்குள் சுணங்கினாலோ செத்தாலோ உடனே சொல்லுங்கள், எதுவானாலும் அக்காவுக்கு ஊசியை நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர்.

அந்தப் பத்து நாளும் டைகர் வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தது. காலையில் வந்ததும் அக்கா விளக்குமாற்றை எடுப்பதற்கு முன்னால் பத்தடி தள்ளி நின்று அதைப் பார்ப்பார். "இருக்கியாடா?" அது வாலை ஆட்டும். "சரி இரு." அப்புறம்தான் கூட்டத் தொடங்குவார். ஒரு நாள் அது எழுந்திருக்காமல் படுத்தே கிடந்தது. அக்கா என் மேஜைக்கு வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். தூங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில் நான் செய்த காரியம் ஒன்று. முதல் ஊசி போடப் போன நாளில் பதிவேட்டில் அக்காவுக்கு ஆப்சென்ட் போட்டேன். தினக்கூலி, வராவிட்டால் கூலி இல்லை, அதுதான் வழக்கம். கை தானாகப் போட்டுவிட்டது. 3-ம் நாள் காக்கா பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, கடிச்சது கம்பெனி வாசல்ல. ஆப்சென்ட் இவளுக்கா?" என்றார். நான்கு ஊசிக்கு நான்கு நாள் கூலி. முதலாளி சொன்ன ஒரு 'சரி'யின் செலவு, அந்த 'சரி'யைப் பற்றி யாரும் கேட்டே இராத ஆளின் தலையில் இறங்கியிருந்தது.

யார் பொறுப்பு

முதலாளியின் முதல் எண்ணம் மூன்று நாயையும் விரட்டிவிடுவது. செலவு பற்றிக் கேட்டபோது, "நாய் அவன் நாய். நான் ஏன் கொடுக்கணும்?" என்றார். காக்கா மெதுவாகத்தான் சொன்னார்: "சரின்னது நீங்கதானே."

சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. தன் வசமிருக்கும் விலங்கால் ஆபத்து வராமல் தடுக்கக் கவனம் எடுக்காதவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது நாய்க்காரர் பாடு. ஆனால் வேலை நேரத்தில், வேலை இடத்தில், வேலை செய்துகொண்டிருக்கும்போது பட்ட காயம் என்றால் முதலாளி கையை உதறிவிட்டுப் போக முடியாது. கொட்டகை இன்னும் சிக்கல். உணவு பாதுகாப்பு உரிமத்துக்கான 2011 விதிமுறைகளின் 4-வது அட்டவணையைப் படித்தால், உணவு கையாளும் இடத்துக்குள் நாய் பூனை எதுவும் நுழையவே கூடாது என்பது தெளிவாகத் தெரியும். புலி கட்டியிருந்த தூணுக்கும் தரம் பிரிக்கும் மேஜைக்கும் எட்டடி. வாங்குகிற ஆலைக்காரர்கள் சோதனைக்கு வந்த நாளில் புலி ஆஸ்பத்திரியில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

ஆனால் முழுத் தடை சரியாக வராது என்று நான் வாதாடினேன். டைகர் இரவில் எப்படியும் இருக்கும். அதை வைத்துத்தான் காவலே நடக்கிறது. தடை போட்டால் பகலில் மரத்தடியில் இருப்பது சுவருக்குப் பின்னால் இருக்கும், ஊசி போட்டதா என்று அப்போதும் யாருக்கும் தெரியாது.

காகிதம்

பதினோராம் நாள், மாலை 4 மணி டீ நேரத்தில், முதலாளி அறையில் இல்லாமல் கொட்டகையில் வைத்து எல்லாரிடமும் கேட்டோம். கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது அதற்குள் எங்களுக்குப் புரிந்திருந்தது. அதனால் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. எழுத வராதவர்களுக்குப் புளியங்கொட்டையும் சோளமும் வைத்தோம், நாய் வரலாம் என்றால் சோளம், வேண்டாம் என்றால் புளியங்கொட்டை. ஆபீசுக்குள் நாய் என்ற கேள்விக்கு 11 பேர் வேண்டாம் என்றிருந்தார்கள். ஜூன் மாதம் என்னைக் கேட்டிருந்தால் ஒருவர் இருவர் என்றிருப்பேன்.

அதற்கப்புறம் எழுதியது ஒரு பக்கம். கொட்டகை, ஐஸ் அறை, வண்டியின் பின்பக்கம் மூன்றும் நாய்க்கு இல்லை. முற்றத்தில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. தடுப்பூசிச் சீட்டின் நகல் என் ஃபைலுக்கு வந்த பிறகுதான் நாய் வரலாம், அடுத்த ஊசி தேதியைச் சுவர் காலண்டரில் வட்டம் போட்டுவைப்பது என் வேலை. நாய்க்காரர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், நாய் கயிற்றில் இருக்க வேண்டும். கம்பெனிக்குள் எந்த நாய்க்கும் யாரும் தீனி போடக் கூடாது. இது கூட்டுகிற அக்கா சொல்லிச் சேர்த்தது, கடி நடந்ததே தீனியால்தான் என்று அவருக்குத்தான் தெரியும். பின் அறைக்குப் புதுக் கதவு, தாழ்ப்பாளோடு. கடி பட்டால் ஊசி நாள் எல்லாவற்றுக்கும் கூலியும் பஸ் காசும் கம்பெனி கொடுக்கும். எந்த நாயானாலும் ஒரே ஆள் வேண்டாம் என்று என்னிடம் சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டேன், பெயரை வெளியே விட மாட்டேன், அந்த நாய் ஆபீசுக்குள் வராது.

கடைசி வரியில்தான் அதிக நேரம் சண்டை. 33 பேருக்குப் பிடித்து ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் அந்த ஒருவர் ஜெயிக்கிறாரா என்றார் முதலாளி. ஆமாம் என்றேன். நாய்க்குப் போக வீடு இருக்கிறது, அந்த ஆளுக்கு வேறு வேலை இல்லை. இதை இன்றும் மாற்றிக்கொள்ள நான் தயாரில்லை.

செப்டம்பர் 28 வெறிநோய்த் தடுப்பு நாள். அதையொட்டி நடந்த ஊசி முகாமுக்கு மூன்று நாய்களையும் கம்பெனி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். டைகரைக் காவல் நாய் என்று எழுத்தில் ஒத்துக்கொண்டு, அதன் ஊசிச் செலவைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. மரத்தடியில் ஓலைக் கொட்டில் ஒன்று போட்டார்கள். காவல்கார அண்ணன் அன்றைக்கு இருந்த இருப்பைப் பார்க்க வேண்டும்.

பிறகு

எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. காகிதம் ஒட்டிய வாரமே ஒருவர் வந்து ஜூலி வேண்டாம் என்றார். பில் போடும் பெண் அழுதாள். அது காக்காவாகத்தான் இருக்கும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டு ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. காக்கா இல்லை. ஆனால் நான் வாயைத் திறக்க முடியாது, பெயர் வெளியே வராது என்று எழுதியது நான்தான். காக்காவுக்கும் அது புரிந்திருந்தது. அவள் வைக்கிற பில் கட்டை ஒன்றும் சொல்லாமல் எடுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு ஜூலி வருவதே வாரத்தில் ஒரு நாள் என்றாயிற்று. அதுவும் ஜன்னலுக்கு வெளியே நிழல்வலை கட்டிய வராந்தாவில், காலை 11 மணி வரை. லோடுமேன் தம்பி புலியைச் சாயல்குடியில் இருக்கும் தன் மாமா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டான்.

நவம்பரில் முதலாளி பேப்பரோடு வந்தார். "கோர்ட்டே நாயை வெளியேத்தச் சொல்லிருச்சே, நாம எதுக்கு இந்தக் காகிதத்தக் கட்டி அழுறோம்?" உச்ச நீதிமன்றம் நவம்பர் 7-ல் சொன்னது பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் மாதிரி இடங்களில் திரியும் தெருநாய்களைப் பற்றி, ஆள் கூட்டிவருகிற நாய் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று விளக்கினேன். பாதி கேட்டார். அதற்குள் போன் வந்துவிட்டது.

அக்காவுக்குக் கடைசி ஊசி அக்டோபரில், 28-ம் நாள். போய்விட்டு நேராக என் மேஜைக்கு வந்தார். பதிவேட்டில் முதல் நாள் ஆப்சென்ட்டை அடித்துத் திருத்தியிருந்ததைக் காட்டினேன். அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"நாயிங்க சீட்டெல்லாம் ஒரு ஃபைல்ல வச்சிருக்கியாமே. இதையும் அதுலயே வையி தம்பி. நாளைக்கு எவனாவது கேட்டா எடுத்துக் காட்டணும்ல."

டைகர் சீட்டுக்கு அடுத்ததாக வைத்திருக்கிறேன்.